முத்துமாரி பேசாதிருந்த மூன்று வாரம்

நாற்பது ஆண்டுகள் நூலகத்தில் “சத்தம் போடாதீர்கள்” என்று மற்றவர்களை அடக்கிவிட்டு, இன்று ஒலிவாங்கி கைக்கு வந்ததும் இருபத்தைந்து நிமிடம் இடைவிடாமல் முழங்கிய அவைத்தலைவர், முன்னாள் நூலகர், பெரியவர் ஸ்ரீரங்கன் அவர்களே. என் நாவலை வெளியிட்டு, சிக்கு விழுந்த கூந்தலைச் சீவிவிடுவதுபோல் அதன் குறைகளை வலிக்காமல் எடுத்துக் காட்டிய பேராசிரியர் ஸ்ரீரஞ்சனி அவர்களே. சொன்ன தேதியில் கைப்பிரதி வராதென்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் அதே மலர்ந்த முகத்தோடு தேதி கேட்கும் பதிப்பாளர் பிரபாகர் அவர்களே. மயிலையிலிருந்தும் மந்தைவெளியிலிருந்தும் நடந்தும், அடையாற்றிலிருந்தும் அசோக் நகரிலிருந்தும் பேருந்து மாறியும் வந்து இந்த அரங்கை நிறைத்திருக்கும் சான்றோர்களே. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் என்னும் அரிய செல்வத்தை எனக்காக விட்டுக்கொடுத்து வந்திருக்கும் தாய்மார்களே. எழுத வேண்டும் என்ற ஆசையோடு ஏட்டையும் பேனாவையும் மடியில் வைத்திருக்கும் தங்கைகளே, தம்பிகளே. உங்கள் அத்தனை பேருக்கும் என் வணக்கம், என் ஸலாம்.

பேராசிரியர் தம் உரையில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அமர்ந்தார். வீட்டைப் பார்க்கிறார், கடையைப் பார்க்கிறார், ஊர் ஊராகக் கூட்டத்துக்குப் போகிறார், இந்த அமீனா பீ எப்போதுதான் எழுதுகிறார்? நியாயமான கேள்வி. என் கணவரும் இதையேதான் இருபத்தாறு ஆண்டுகளாகக் கேட்கிறார். அவர் கேட்கும் தொனி மட்டும் கொஞ்சம் வேறு.

சொல்கிறேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்களுடையது இரண்டு அறை வீடு. ஓர் அறை மகள் சிம்ராவுக்கு, ஓர் அறை எங்களுக்கு. எழுத்தாளருக்கென்று அறை கிடையாது. சாப்பாட்டு மேசை இருக்கிறது. அதிகாலைத் தொழுகை முடித்து, பாயைச் சுருட்டி வைத்ததும் அந்த மேசையில் உட்காருவேன். குக்கரை ஏற்றும் நேரம் வரும்வரை நான் நாவலாசிரியை. ஏற்றியபின் சமையல்காரி. பத்து மணிக்கு மேல் கடைக்காரி. தி. நகரில் என் கணவர் அப்துல் கய்யூம் பொத்தானும் ஜரிகையும் லேஸும் விற்கிற சிறு கடை வைத்திருக்கிறார். அங்கே உட்கார்ந்து, கதாநாயகிக்குக் கண்ணீர் வரும் வரியை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதுதான், யாராவது ஒரு அம்மா ரவிக்கைத் துணியை நீட்டி, இந்தப் பச்சைக்கு இந்தப் பச்சை சேருமா என்று கேட்பார். கதாநாயகி காத்திருப்பாள். பச்சை காத்திருக்காது.

ஒருநாள் காகிதம் கிடைக்காமல், பொத்தான் கோத்து வைக்கும் அட்டையின் பின்புறத்தில் ஒரு பாத்திரத்தின் மரணப் படுக்கையை எழுதி வைத்தேன். நான் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் என் கணவர் அந்த அட்டையை அப்படியே விற்றுவிட்டார். வடபழனியில் சினிமாக்காரர்களுக்குத் தைக்கிற டெய்லர் ஒருவர் வாங்கிப் போனார். மறுநாள் அவரே வந்து நின்றார். “அக்கா, அட்டைக்குப் பின்னால ஒரு அம்மா சாவக் கெடக்குறாங்க. ராத்திரி பூரா அதே நெனப்பு. அப்பால இன்னா ஆச்சு?” என்றார். அந்த அம்மாவைச் சாகடிப்பதாகத்தான் இருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தபின் மனம் வரவில்லை. பிழைக்க வைத்தேன்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். நிறைவான வாழ்க்கைதான் இது, ஒளிக்காமல் சொல்கிறேன். நெல்லைக் கல்லூரிக் கூட்டத்துக்குப் போனால் அல்வாவோடு திரும்புவேன். மதுரைப் புத்தகக் காட்சிக்குப் போனால் புதிய சிநேகிதிகளோடு திரும்புவேன். ஆனால் நிறைந்த வாழ்க்கைக்குள்ளும் ஒரு முள் இருந்தது. இன்று உங்கள் கைகளில் இருக்கும் இந்த நாவல், மூன்று ஆண்டுகள் நூற்று நாற்பதாவது பக்கத்திலேயே நின்றது. மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் ஒரே வீட்டில் வாழும் ஆறு பேரின் கதை. அந்த ஆறு பேரும் ஓர் அடி நகர மறுத்தார்கள். நான் யாரைக் குற்றம் சொன்னேன் தெரியுமா? குக்கரைச் சொன்னேன். கடையைச் சொன்னேன். கதவைத் தட்டுகிறவர்களைச் சொன்னேன். எனக்கு மட்டும் ஒரு மாதம் தனிமை கிடைத்தால், எனக்கு மட்டும் ஒரு மாதம் மௌனம் கிடைத்தால் என்று வீட்டில் பொருமினேன், கடையில் புலம்பினேன், கடற்கரையில் பெருமூச்சு விட்டேன்.

பெருமூச்சுகளை வீட்டில் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். ஒருநாள் சாப்பிடும்போது சிம்ரா சொன்னாள்: “அம்மி, ஏற்காட்டுல ஒரு எஸ்டேட் பங்களா இருக்கு. எழுதுறவங்களுக்கு மட்டும் ரூம் தர்றாங்க. நாலு வாரம். உங்க பேரக் குடுத்துட்டேன், கிடைச்சிருச்சு.”

“கடைய யாரு பாக்கறது? சமையல யாரு செய்யறது?” என்றேன்.

என் கணவர் சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “கட நீ வர்றதுக்கு முன்னாடியே நடந்துகினு இருந்துச்சு அமீனா. சமையலுக்கு யூடியூப் கீது. போய் எழுதிட்டு வா” என்றார்.

இந்த இடத்தில் என் தோழியை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். பெயர் முத்துமாரி. பட்டினப்பாக்கம். மந்தைவெளியில் மாநகராட்சிப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். நான் பொத்தான் கடைக்கு வாழ்க்கைப்பட்டேன். அவள் மாசிலாமணி என்கிற படகுக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு, கூடையைத் தலையில் ஏற்றினாள். முப்பது ஆண்டுகள் ராஜா அண்ணாமலைபுரத்துத் தெருக்களில் அவள் குரல்தான் கடிகாரம். “சங்கரா, வவ்வாலு, நெத்திலி” என்று அவள் தெருமுனையில் கூவினால் மூன்றாம் மாடியில் சட்டியை அடுப்பில் வைப்பார்கள். இந்த அரங்கிலேயே அந்தக் குரலைக் கேட்டவர்கள் பலர் இருக்கிறீர்கள். ஆமாம் அம்மா, நீங்கள் தலையசைப்பது தெரிகிறது.

முத்துமாரி என் நாவல்கள் அத்தனையையும் படித்தவள். பாராட்டிப் படித்தவள் அல்லள். குற்றம் கண்டுபிடித்துப் படித்தவள். என் இரண்டாம் நாவலில் ஒரு மீனவன் பௌர்ணமியன்று வலை நிறைய மீனோடு வருகிறான். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். “நெலா வெளிச்சத்துல மீனு வலைய பாத்துடும்மே. உனுக்குத் தெரியலன்னா என்ன ஒரு வார்த்த கேக்க மாட்டியா?” என்றாள். அடுத்த பதிப்பில் அமாவாசை ஆக்கினேன்.

அவள்தான் என்னை ரயிலேற்ற வந்தாள். காலை ஆறு மணிக் கோவை வண்டி. சென்ட்ரலில் ஜன்னலோரம் நின்று, வறுத்த வஞ்சிரத்தை வாழையிலையில் கட்டிக் கொடுத்தாள். சில மாதங்களாகவே அவள் தொண்டை கட்டியிருந்தது. “இன்னுமா சரியாகல மாரி?” என்று கேட்டேன். “ஊரு பூரா கூவறவளுக்குத் தொண்ட கட்டாம, ஊட்ல குந்திகினு எய்தறவளுக்கா கட்டும்?” என்றாள். இருவரும் சிரித்தோம். வண்டி நகரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். “போன அணைச்சு வெச்சுடு. எனுக்குப் போன் பண்ணாத, நானும் பண்ண மாட்டேன். முடிச்சுட்டு வா” என்றாள்.

என் எழுத்தை மதிக்கிற தோழி என்று அன்று பூரித்துப் போனேன்.

ஏற்காட்டில் எனக்குக் கிடைத்தது மௌனம். நான் கேட்ட மௌனம். சவுக்கு மரத்தில் காற்று, மிளகுக் கொடியில் பனி, வாசலில் யாருமில்லை. ஒரு நாளைக்கு எட்டுப் பக்கம் எழுதினேன். எட்டுப் பக்கம் என்றால் என்னவென்று எழுதுகிறவர்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மட்டும் தொலைபேசியை உயிர்ப்பித்து வீட்டுக்குப் பேசுவேன். “எல்லாரும் நல்லா இருக்கோம், நீ எழுது” என்பார் கணவர். மாரி எப்படி இருக்கிறாள் என்று கேட்பேன். “நல்லா இருக்குது” என்பார். இருபத்தாறு நாளில் இருநூறு பக்கம். ஆறு பேரும் நகர்ந்தார்கள், நடந்தார்கள், கதை முடிந்தது. வெற்றி வீராங்கனையாகச் சென்னைக்கு வந்து இறங்கினேன்.

அழைத்துப்போகச் சிம்ரா வந்திருந்தாள். ஆட்டோ சென்ட்ரலைத் தாண்டியது. பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “அம்மி, கோவப்படாதீங்க. மாரி ஆன்ட்டிக்குத் தொண்டையில கட்டி. போன சனிக்கிழம ஆபரேஷன் ஆச்சு. என்ன கட்டின்னு டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்க. வர்ற வியாழன் ரிசல்ட்.”

“எப்ப தெரிஞ்சுது?”

“நீங்க ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரியும். நீங்க இல்லாத நாளாப் பாத்துத்தான் ஆபரேஷன் தேதி கேட்டாங்களாம். அப்பாகிட்டயும் என்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாங்க.”

சபையோரே, மனிதர்களைக் கூர்ந்து பார்ப்பது என் தொழில் என்று எத்தனை மேடைகளில் பேசியிருக்கிறேன். ஒரு முகச்சுளிப்பிலிருந்து ஒரு வாழ்க்கையை எழுதுவேன் என்று எத்தனை நேர்காணல்களில் பெருமையடித்திருக்கிறேன். ஆறு மாதமாக என் கண்ணெதிரே என் தோழியின் குரல் கரைந்துகொண்டிருந்தது. நான் அதைக் கேட்டேனா? கேட்டேன். கவனித்தேனா? கவனிக்கவில்லை. எனக்கு என் நூற்று நாற்பதாவது பக்கம்தான் பெரிய வியாதியாக இருந்தது.

வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியோடு பட்டினப்பாக்கம் போனேன். குடியிருப்பின் மாடிப்படியில் மாசிலாமணி உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார். “வாக்கா. மூணு வாரம் பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வூடு ஒரே அமைதியா கீது. முப்பது வருசமா வாய மூடு வாய மூடுன்னு சொல்லிகினு இருந்தேன். இப்ப பயமா கீதுக்கா” என்றார். அலைக்கு அஞ்சாத மனிதர்.

உள்ளே முத்துமாரி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நாற்பது பக்க நோட்டு, கையில் பேனா. நான் கத்தினேன். ஏன் சொல்லவில்லை, நான் யார் உனக்கு, செத்துப் போயிருந்தால் யார் பதில் சொல்வது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அவள் பொறுமையாக எழுதி, நோட்டைத் திருப்பிக் காட்டினாள்.

“நீ இங்க இருந்தா இன்னா பண்ணியிருப்ப? அய்துகினு இருப்ப. அத்த வேற நான் பாக்கணும்.”

அதற்குக் கீழே இன்னொரு வரி: “எத்தினி பக்கம்?”

இருநூறு என்றேன். கையை நீட்டினாள். அப்போதே கொடு என்று.

வியாழக்கிழமைவரை நாங்கள் வாழ்ந்த நான்கு நாட்களை நான் வர்ணிக்கப் போவதில்லை. மருத்துவமனை வாசலில் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தவர்கள் இந்த அரங்கில் இருப்பீர்கள். உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காத்திருக்காதவர்கள் என்றும் காத்திருக்காமலே இருக்கட்டும். அந்த நான்கு நாளும் தினம் மூன்று மணிக்குப் போவேன். அவள் கட்டிலில் என் பக்கங்களைப் படிப்பாள். நான் தரையில் உட்கார்ந்து அவள் முகத்தைப் படிப்பேன். வியாழன் காலை நானும் மாசிலாமணியும்தான் போனோம். மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, “பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல, சாதாரணக் கட்டிதான். எடுத்தாச்சு, அவ்வளவுதான்” என்றார். மாசிலாமணி அந்தத் தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு வெளியே வந்து, நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கைதட்டுகிறீர்கள். நன்றி. அந்தக் கைதட்டல் அவளுக்குச் சேரட்டும். ஆனால் என் கதை இன்னும் முடியவில்லை. என் தண்டனையே இனிமேல்தான்.

வெள்ளிக்கிழமை முத்துமாரி இருநூறு பக்கத்தையும் கட்டி என் முன்னால் வைத்தாள். மேலே நோட்டு. அதில் இருந்ததை ஓர் எழுத்தும் மாற்றாமல் வாசிக்கிறேன்:

“நல்லா கீது. அயகா கீது. ஆனா ஒரு சந்தேகம். ஒரே வூட்ல ஆறு பேரு. ஒருத்தங்க பேசும்போது இன்னொருத்தங்க நடுவுல பேசவே மாட்டேங்கறாங்க. யாரும் கதவத் தட்டல. யாருக்கும் பசிக்கல. இது வூடா, ஆஸ்பத்திரியா?”

நான்கு வரி. பேராசிரியர் அம்மா மன்னிக்க வேண்டும், என் எழுத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனம் இதுவரை வந்ததில்லை. வீட்டுக்கு வந்து கைப்பிரதியைப் புரட்டினேன். உண்மை. ஏற்காட்டு மௌனம் என் கதைக்குள்ளும் புகுந்து உட்கார்ந்திருந்தது. என் பாத்திரங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் அழகாகப் பேசிவிட்டு, அடுத்தவர் பேசும்வரை சபை நாகரிகத்தோடு காத்திருந்தார்கள். மயிலாப்பூர்ச் சந்தில் எந்த வீட்டில் அப்படிக் காத்திருக்கிறார்கள்?

பிரபாகரைத் தொலைபேசியில் அழைத்தேன். “சார், நூத்து அறுபத்தொம்பது பக்கத்தத் தூக்கிப் போடப் போறேன்” என்றேன். “அட்டை அச்சாயிடுச்சு மேடம்” என்றார். “அட்டை இருக்கட்டும் சார், உள்ள இருக்கறதத்தான் மாத்தறேன்” என்றேன். ஐந்து மாதம் கேட்டேன். கொடுத்தார். முகத்தைப் பாருங்கள், இன்றும் மலர்ந்துதான் இருக்கிறது.

முப்பத்தோரு பக்கம் தப்பித்தது. கதையில் வரும் மூத்த மகள் மலைக்குப் போகும் அத்தியாயம் அது. ஆகவே மலையை நான் பழிக்கவில்லை. மலை தரக்கூடியதைத் தந்தது. மீதியைச் சாப்பாட்டு மேசையில் எழுதினேன். கடையில் எழுதினேன். மாரியின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து எழுதினேன். கீழே சண்டை போட்டார்கள், எழுதிக்கொண்டேன். பக்கத்து வீட்டில் கோவிந்தம்மா என்கிற அம்மா மருமகளைத் திட்டிக்கொண்டே மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தார். குழம்பையும் வாங்கிக்கொண்டேன், திட்டையும் வாங்கிக்கொண்டேன். இரண்டும் நாவலில் இருக்கின்றன. என் கணவர் யூடியூபைப் பார்த்து ரசம் வைக்கக் கற்றிருந்தார். அந்த ரசத்தைப் பற்றி எழுதவில்லை. குடும்பம் நிலைக்க வேண்டும் அல்லவா?

மூன்று வாரம் முடிந்த அன்று மருத்துவர் முன் முத்துமாரியை உட்கார வைத்தோம். “மெதுவா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க” என்றார் மருத்துவர். என்ன சொல்லப் போகிறாள் என்று நானும் மாசிலாமணியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் தொண்டையைத் தடவிக்கொண்டாள். கரகரத்த, கனத்த, எங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு குரலில், “இன்னாத்துக்கு ரெண்டு பேரும் இப்பிடி நிக்கறீங்க, குந்துங்க” என்றாள். குந்தினோம். குந்தியபின் அழுதோம்.

பழைய குரல் திரும்பவில்லை. பேசலாம், கூவக் கூடாது என்றார் மருத்துவர். கூவக் கூடாது என்றால் என்ன பொருள்? தெருத்தெருவாகக் கூவி விற்கும் ஒரு பெண்ணிடம் இனிக் கூவாதே என்றால், உன் பிழைப்பை நீயே தேடிக்கொள் என்று பொருள். நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவளுக்கு ஆறுதல் தேவைப்படவில்லை. மூன்று வாரம் எழுதியே பேசிய கை அல்லவா? அந்தக் கை நிற்கவில்லை. லூப் சாலை மீன் அங்காடியில் ஓரிடம் பிடித்தாள். சிம்ராவை உட்கார வைத்து, வாட்ஸ்அப்பில் தன் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரையும் ஒரு குழுவில் சேர்த்தாள். தினம் காலை ஏழு மணிக்கு எழுதுகிறாள். போன செவ்வாய்க்கிழமை எழுதியதைக் கேளுங்கள்: “சங்கரா வந்துகீது. கண்ணு கண்ணாடி மாதிரி கீது. வஞ்சிரம் வாங்காதீங்க, ஐஸ்ல மூணு நாள் கெடந்தது, எனுக்கே புடிக்கல. தெக்கால காத்து அடிக்குது, நாளைக்கு நெத்திலி வரும். குழந்தைங்களுக்குப் பரீச்ச, முள்ளு இல்லாத மீனாப் பாத்து எடுத்து வெக்கறேன்.”

இருநூற்றுப் பத்து வீடுகள். தினந்தோறும் வாசிக்கிறார்கள். ஒருநாள் எழுதாவிட்டால் ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார்கள். எந்த நாவலாசிரியருக்கு ஐயா இந்தப் பாக்கியம் வாய்த்திருக்கிறது? எனக்குப் பொறாமையாக இருக்கிறது. மூன்றாம் வரிசையில் தூணுக்குப் பின்னால் சாய்ந்து ஒளிந்துகொள்கிறாயே மாரி, அங்கேயும் தெரிகிறாய். நிமிர்ந்து உட்கார்.

எழுத வந்திருக்கும் தங்கைகளே, தம்பிகளே, உங்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் நேரத்தைத் திருடுகிறவர்கள் என்று ஒரு பட்டியல் உங்களிடமும் இருக்கும். என்னிடமும் இருந்தது. அதில் கணவர் இருந்தார், மகள் இருந்தாள், பச்சைப் பொத்தான் கேட்ட அம்மா இருந்தார், பேச வந்தால் போகாத தோழி இருந்தாள். அவர்களை விட்டு நான் மலை ஏறினேன். அவர்களோ எனக்காகச் சமைத்தார்கள், எனக்காகப் பொய் சொன்னார்கள், எனக்காக ஒருத்தி தன் பயத்தைத் தானே விழுங்கிக்கொண்டு ரயிலடியில் கையசைத்தாள். அவர்களுக்கு நடுவில் அமர்ந்து எழுதுங்கள். பேச்சுக்கு நடுவில் எழுதுங்கள், பசிக்கு நடுவில் எழுதுங்கள், கதவு தட்டப்பட்டால் எழுந்து போய்த் திறந்துவிட்டு வந்து எழுதுங்கள். ஒரு வரி போகும், போகட்டும். வந்து நிற்பவர் ஒரு முழு அத்தியாயத்தோடு வந்திருப்பார். குடும்பத்தாருக்கும் ஒரு சொல். உங்கள் வீட்டில் எழுதுகிற பெண் இருந்தால், அவளுக்கு விடியலில் ஒரு மணி நேரத்தையும் மேசையில் ஒரு மூலையையும் கொடுங்கள். கேட்காமலே கொடுங்கள்.

நேரமாகிவிட்டது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்; நூலகரின் பார்வை, அதற்கு நான் கட்டுப்பட்டவள். இன்னும் ஒன்றே ஒன்று. இன்று காலை ஏழு மணிக்கு அந்த இருநூற்றுப் பத்து வீடுகளுக்கும் வந்த செய்தியை நானும் பார்த்தேன். இந்த வெளியீட்டைப் பற்றி நான் அவளிடம் எதுவும் எழுதச் சொல்லவில்லை. வாசித்துவிட்டு அமர்கிறேன்:

“இன்னிக்குக் கட இல்ல. ஞாயித்துக்கெய்ம வியாபாரம் போனாப் போவுது. என் சிநேகிதி எய்தன புக்கு சாயந்தரம் மயிலாப்பூர்ல வெளியிடறாங்க. அத்த நான் மூணு வாட்டி படிச்சுட்டேன். இந்த வாட்டி வூடு வூடாவே கீது.”

அந்தக் கடைசி வரியைப் பெற்றபின் எனக்கு வேறு விருது வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தி. நகரில் கடையைச் சாத்திவிட்டு வந்த என் கணவருக்கும், என்னை மலைக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் கையைப் பிடித்து அழைத்துப் போன என் மகளுக்கும், இவ்வளவு நேரம் செவியையும் சிரிப்பையும் எனக்குத் தந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றியைச் சொல்லி, உங்கள் வீடுகள் என்றும் பேச்சும் பசியும் நிறைந்த வீடுகளாக இருக்கட்டும் என்று வாழ்த்தி, கைகூப்பி விடைபெறுகிறேன்.